சுமை தாங்கும் பட்டைவில்

நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் லாரியின் பின்சக்கரத்திற்கு உட்புறம் குனிந்து நோக்கினால், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்ட எஃகுப் பட்டைகளைக் காணலாம். மேலுள்ள பட்டை நீளமானது. கீழே செல்லச்செல்ல நீளம் குறையும். இவ்வடுக்கே பட்டைவில் எனப்படும். இரண்டு அச்சுகளும் ஆறு சக்கரங்களும் உடைய லாரியின் பின்னச்சின்மீது 11.5 டன் வரை எடை அமையலாம் என இந்தியாவில் 2018ஆம் ஆண்டு விதி திருத்தப்பட்டது. அச்சு, சக்கரங்கள் ஆகியவற்றின் எடை நீங்கலாகப் பார்த்தாலும், இருபுறமும் உள்ள வில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 டன் தாங்க வேண்டும்.

இதற்குத் தடித்த பட்டை ஒன்றே போதாதா? பட்டையின் தடிமனை இருமடங்காக்கினால் வலிமை நான்கு மடங்காகும். விறைப்போ எட்டு மடங்காகிவிடும். வளைய மறுக்கும் வில்லால் பயனில்லை. சாலைப் பள்ளத்தின் அதிர்ச்சியை அது அப்படியே சரக்கிற்கும் ஓட்டுநரின் முதுகெலும்பிற்கும் அனுப்பிவிடும். மாறாக, மெல்லிய பட்டைகள் நான்கினை அடுக்கினால் வலிமை நான்கு மடங்காகும். விறைப்பும் நான்கு மடங்கே. வளையும்போது பட்டைகள் ஒன்றன்மீது ஒன்று நழுவுவதே இதற்குக் காரணம். இப்பயிற்சி நூலையே சற்று வளைத்துப் பாருங்கள். தாள்கள் நழுவி, நூலின் ஓரம் சரிவாகும். எல்லாத் தாள்களையும் பசையிட்டு ஒட்டிவிட்டால் அது வளையாத பலகை போலாகும்.

மீள்தன்மை எல்லைக்குள், வில்லின் வளைவு சுமைக்கு நேர்விகிதத்தில் அமையும். இராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டு இவ்விதியை விளக்கி வெளியிட்டார். எல்லை கடந்த சுமையை இறக்கிய பின்னரும் பட்டை பழைய வடிவிற்குத் திரும்பாது. அளவுமீறிய சுமையுடன் நாள்தோறும் ஓடும் வண்டியில், கண்ணுக்குப் புலப்படாத கீறல் தோன்றி வளரும். முதற்பட்டை முறிந்தால் அச்சு இடம்பெயர்ந்து வண்டி ஒருபக்கம் இழுக்கும். கூடுதல் மூட்டைகளை ஏற்றச் சொன்னவர் அவ்வேளையில் வண்டியில் இருப்பதில்லை, ஓட்டுநரே இருக்கிறார்.

சுமையற்ற லாரி மிகுதியாகத் துள்ளுவதும் வில்லின் இயல்பினாலேயே. பெருஞ்சுமைக்கென அமைந்த விறைப்பு, சிறிய எடைக்கு மிகையாகிறது. எனவே பல லாரிகளில் முதன்மை அடுக்கின்மேல் துணை அடுக்கு ஒன்றும் வைக்கப்படுகிறது. வண்டி வெறுமையாக ஓடும்போது அதன் முனைகள் எதையும் தொடுவதில்லை. சுமை ஏறிச் சட்டம் தாழும்போதுதான் அவை தாங்கிகளைத் தொட்டுப் பாரத்தில் பங்கேற்கின்றன.

சிந்தித்து எழுதுக: பட்டைகளுக்கிடையே துரு ஏறி அவை நழுவ இயலாமற்போனால் வில்லின் விறைப்பு என்னவாகும்?