பவானிக் கரையில் தங்கப் போகிறீர்களா?

பவானிக் கரை விடுதிகளுக்கும், வனத்துறை நடத்தும் பரளிக்காடு பரிசல் பயணத்துக்கும் புறப்படுகிற குடும்பங்கள் யானை வருமா என்று தவறாமல் விசாரிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆற்றில் எந்நேரம் தண்ணீர் கூடும் என்று விசாரிப்பவர்கள் குறைவு. ஆற்றிலும் உயிர்ச்சேதம் நடக்கிறது.

பில்லூர் அணைக்குக் கீழே பவானி மழையை மட்டும் நம்பி ஓடுவதில்லை. குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்த 100 மெகாவாட் மின் நிலையம் பில்லூரில் இருக்கிறது. மின் தேவை ஏறும் நேரத்தில் விசையாழிகளை (நீரின் விசையால் சுழலும் சக்கரங்கள்) ஓட்டுவார்கள். தேவை தணிந்தால் நிறுத்துவார்கள். ஓடும்போது அவ்வளவு தண்ணீரும் ஆற்றுக்குத்தான் வரும். இன்னும் கீழே, சமயபுரம் போன்ற இடங்களில் கதவணை மின் நிலையங்கள் (ஆற்றை மதகுகளால் தேக்கி மின்சாரம் எடுப்பவை) உண்டு. சிறு நிலையங்கள்தான், ஆனாலும் மதகைத் திறந்தால் ஆறு மாறிவிடும். பில்லூர் அணையின் முழு நீர்மட்டம் 100 அடி. 97 அடியைத் தொட்டாலே உபரிநீரைத் திறப்பது வழக்கம். ஆனி, ஆடியில் மேட்டுப்பாளையத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே அவலாஞ்சியில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அறிகுறிகள் உண்டு. பாறையின் அடியில் கருத்த ஈரப் பட்டை தெரிந்தால், சற்று முன்புவரை தண்ணீர் அந்த உயரத்தில் நின்றது என்று பொருள். மறுபடியும் அங்கே வரும். நீரோரமாக ஒரு கல்லை வைத்துக் கவனியுங்கள். கல் நனைந்தாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறுங்கள். துணியும் செருப்பும் எதிர்க்கரையில் கிடந்தால் கிடக்கட்டும், அருகில் உள்ள கரைக்குப் போங்கள்.

நடுப்பாறையில் சிக்கிக்கொண்டால் பதற வேண்டாம். உயரமான இடத்தில் உட்கார்ந்து 112-ஐ அழையுங்கள். நீச்சல் தெரியும் என்று குதிப்பதும், கைகோத்துச் சங்கிலியாக இறங்குவதும், லாரி ட்யூபை நம்புவதும் ஒருவர் சாவை நால்வர் சாவாக்கும் வழிகள். அடித்துச் செல்லப்படுபவருக்குக் கரையில் நின்றபடி கயிறோ, சேலையோ, மூடிய காலி கேனோ வீசுங்கள். மீட்கப்பட்டவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் தவறு. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதி, நடுமார்பை அழுத்தத் தொடங்குங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

பரளிக்காட்டில் ஆபத்து வேறு மாதிரி. அது பில்லூர் அணையின் நீர்த்தேக்கம். மட்டம் இறங்கிய இடத்தில் சேறு மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் கூழாக இருக்கும். பரிசல்காரர் காட்டும் துறையில் மட்டும் இறங்குங்கள். உயிர்காப்பு அங்கியைப் படம் எடுப்பதற்காகக்கூடக் கழற்றாதீர்கள்.

அறை பதிவு செய்யும்போதே விடுதிக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: அணையில் தண்ணீர் திறந்தால் உங்களுக்கு யார் சொல்வார்கள், நீங்கள் எங்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்? தெளிவான பதில் வராவிட்டால் வேறு விடுதி பாருங்கள்.