தும்பிக்கை குட்டையானதால் வந்த நஷ்டம்
(1911 வெள்ளி ரூபாயின் கதை)

பாட்டன் காலத்துப் பெட்டியில் கிடந்த வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இது என்ன விலை போகும்?" என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. அதில் 1911 என்று ஆண்டு இருந்தால் கீழ்க்கண்ட விவரங்கள் நமக்குத் தெரிந்திருப்பது நல்லது.

1910 மே மாதம் ஏழாம் எட்வர்ட் மன்னர் காலமாகி, ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தார். அவர் உருவம் பொறித்த ரூபாய் 1911-ல் கல்கத்தா, பம்பாய் நாணயசாலைகளில் அடிக்கப்பட்டது. உருவத்தை அமைத்தவர் பெர்ட்ராம் மெக்கென்னல் என்ற ஆஸ்திரேலியச் சிற்பி. மன்னர் கிரீடமும் அங்கியும் அணிந்திருப்பார். அங்கியின் மேல் விருது மாலை ஒன்று. அதில் சின்னஞ்சிறு யானை.

வினை அங்கேதான் வந்தது. தும்பிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்ததால் யானை பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம் மக்கள் மனம் புண்பட்டது, எதிர்ப்பு கிளம்பியது. 90 லட்சத்துக்கு மேல் அடித்ததில் சுமார் 7 லட்சம்தான் மக்கள் கைக்குப் போயிருந்தது. மீதியை அரசு நிறுத்தி உருக்கியது. 1912 முதல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சு திருத்தப்பட்டது. பழையதற்குப் 'பன்றி ரூபாய்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். அதிகம் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

2. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. காந்தம் இழுத்தால் போலி.

3. பூதக்கண்ணாடியில் யானையைப் பாருங்கள். 1911 என்றிருந்தும் நீண்ட தும்பிக்கை தெரிந்தால், வேறு வருடக் காசில் ஆண்டைத் திருத்தியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

4. புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு கூடும், மதிப்பு குறையும்.

விற்க வருபவர் விவரம் அறியாதவராக இருந்தால், வெள்ளி விலைக்கு மட்டும் வாங்கிப் போடாமல் உண்மையைச் சொல்லுங்கள். அந்த நம்பிக்கை நம் கடைக்கே திரும்பி வரும்.

இன்னொரு பாடமும் உண்டு. பை, லேபிள், காலண்டர் என்று நாமும் படம் போட்டு அச்சடிக்கிறோம். ஆயிரக்கணக்கில் அடிக்குமுன் ஒரு மாதிரியை எல்லா மதத்து வாடிக்கையாளருக்கும் காட்டிக் கேளுங்கள். நமக்கு யானையாகத் தெரிவது அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் முக்கியம்.

நல்ல நாணயம் போல் நம் வாணிபமும் செல்லுபடியாகட்டும்!