மூடி போட்ட ஜாடிக்குள்ளே ஒரு தோட்டம்

இந்த முறை நான் கண்ணாடி ஜாடித் தோட்டம் பற்றி எழுதுகிறேன். நானே செய்து பார்த்தது, ஒரு தடவை கெடுத்தும் பார்த்தது.

எங்கள் வீடு கொல்கத்தா நெடுஞ்சாலைக்குப் பக்கம். லாரி போகப் போக வாசல் செடியெல்லாம் புழுதி படிஞ்சு வெளுத்துப் போகும். கிணற்றுச் சுவரில் முளைத்த பெரணியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

லண்டனில் நத்தானியல் வார்டு என்ற டாக்டருக்கும் இதே கஷ்டம்தான். அங்கே நிலக்கரிப் புகை. அவர் வளர்த்த பெரணிகள் செத்துப் போயின. 1829-ல் அவர் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவருக்கு அந்த மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தன! தண்ணீரே ஊற்றாமல் ஏறக்குறைய 4 வருஷம் இருந்தன. கடைசியில் மூடி துருப்பிடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித்தான் செத்தன. காய்ந்து சாகவில்லை, பாருங்கள்.

அதற்குப் பிறகு அவர் கண்ணாடிப் பெட்டிகள் செய்து, 1833-ல் இரண்டு பெட்டிச் செடிகளைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1876-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சுமார் 1,900 ரப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்ததும் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான். பின்னாளில் அங்கே ரப்பர்ப் பால் வெட்டியவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போன சனங்களும் உண்டு.

இனி செய்முறை. பெட்டிக்கடையில் பிஸ்கட் போடுகிற அகல வாய் ஜாடி நல்லது, கை உள்ளே போகும். கழுவிக் காயவைத்து, அடியில் இரண்டு விரல் உயரம் பொடி ஜல்லி. மேலே இஸ்திரிக்கடைக் கரியை நொறுக்கிக் கழுவிப் போடணும் (சாம்பல் கூடாது). அது கெட்ட வாடையை இழுத்துக்கொள்ளும். அப்புறம் செம்மண்ணும் மக்கின இலையும் கலந்து நான்கு விரல். பழவேற்காட்டு மணல் வேண்டாம், உப்பு. சின்னப் பெரணி இரண்டு, சுவர்ப் பாசி கொஞ்சம் வைத்து அழுத்தி மூட வேண்டியதுதான்.

தண்ணீர்தான் கண்டம். முதல் தடவை ஆசையில் இரண்டு டம்ளர் ஊற்றி, வெயில் படுகிற ஜன்னலில் வைத்தேன். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. ஐந்தாம் நாள் இலையெல்லாம் வெந்த கீரை, மண்மேல் வெள்ளைப் பூஞ்சை. "இன்னாடி, உயிருள்ளத போட்டு மூடி வெச்சிகிற? மூச்சு முட்டித்தான் செத்துப் பூடுச்சு" என்றார் ஆயா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் ஆயா சொன்னது காரணம் இல்லை. செடி சுவாசிக்கும்போது வருகிற கார்பன் டை ஆக்சைடையே பகலில் ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கொள்கிறது. திரும்ப ஆக்சிஜனை விடுகிறது. தண்ணீரும் அப்படித்தான். வேர் உறிஞ்சியதை இலை ஆவியாக விடும், அது கண்ணாடியில் முத்து முத்தாய்ப் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கும்.

இரண்டாம் தடவை ஆறே ஸ்பூன் தண்ணீர். வெளிச்சம் வரும், வெயில் படாத இடம். காலையில் ஜாடி பனி மூடி, மதியம் தெளிந்தால் சரியான அளவு. நாள் முழுக்க தெளியவில்லை என்றால் அரை நாள் திறந்து வையுங்கள். பனியே இல்லை என்றால் ஒரு ஸ்பூன் விடலாம்.

மூடிய அன்றே மளிகைக்கடைத் தராசில் வைத்தேன்: 2 கிலோ 140 கிராம். 40 நாள் கழித்து 2 கிலோ 135. ஐந்தே கிராம்! பெரணியில் சுருள் சுருளாக மூன்று புது இலை. ஆயா கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார், ஒன்றும் சொல்லவில்லை.

ஜாடி இந்த வாரம் முழுவதும் அறிவியல் ஆசிரியர் மேசையில் இருக்கும். வந்து பாருங்கள். எட்டாம் வகுப்புப் பையன்களே, தயவு செய்து மூடியைத் திறக்காதீர்கள். பொங்கலுக்கு மறுபடி எடை போடப் போகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, எளாவூர்