நன்னீர் உயிர் காக்கும் தென்னை நார்

முன்னுரை

தமிழின் 'கயிறு' என்னும் சொல்லோடு உறவுடைய மலையாளச் சொல் 'கயர்'. அதுவே ஆங்கிலத்தில் 'காயர்' என வழங்குகிறது. சொல் சென்ற வழியே பொருளும் சென்றது. தேங்காயை உரித்தபின் எஞ்சும் மட்டையின் நார், இன்று இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளின் ஆற்றங்கரைகளில் நன்னீர் உயிர்களுக்கு அரணாக அமைகிறது. அதனால் விளையும் நன்மையையும், அதனை ஆக்குமிடத்து விளையும் கேட்டையும் ஒருங்கே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டலும் உயிரும்

கரை சரியுங்கால் மண் ஆற்றில் கலந்து கூழாங்கற்களின் இடைவெளிகளை அடைக்கிறது. சால்மன், டிரவுட் மீன்களின் முட்டைகள் அவ்விடைவெளிகளில் ஓடும் நீரிலிருந்தே உயிர்வளி பெறுகின்றன. ஐரோப்பிய நன்னீர் முத்துச்சிப்பியின் இளம்பருவம், முதலில் இம்மீன்களின் செவுள்களிலும், பின்னர்ச் சில ஆண்டுகள் கூழாங்கற்களின் அடியிலும் கழிகிறது. 100 ஆண்டுகளுக்கு மேல் வாழவல்ல இச்சிப்பி, குஞ்சுகள் பிழையாமையால் பல ஆறுகளில் அருகி வருகிறது.

நாரின் பணி

நாரை வலைக்குள் திணித்து உருளையாக்கிக் கரையின் அடியில் முளையடித்து நிறுத்துவர். அதன்மேல் கோரை, நாணல் போன்றவற்றை நடுவர். லிக்னின் மிகுந்த தென்னை நார் நீரில் விரைந்து மட்காது. சில ஆண்டுகள் தாங்கும். அதற்குள் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. வண்டல் குறைகிறது, மீன்குஞ்சுகளுக்கு நிழலும் மறைவிடமும் கிட்டுகின்றன. கற்சுவர் என்றும் கற்சுவராகவே நிற்கும். நாரோ தன் பணியைச் செடியிடம் ஒப்படைத்து மறைந்துவிடும். எனினும், வெள்ளம் கடுமையாக மோதும் கரைகளுக்கு இஃதொன்றே போதாது.

மறுபக்கம்

கேரளக் காயல்களில் மட்டைகளை மாதக்கணக்கில் ஊறவைத்து அழுகச் செய்யும் வழக்கம் உண்டு. அப்போது ஹைட்ரஜன் சல்பைடும் பீனாலும் டானினும் நீரில் கலக்கின்றன. உயிர்வளி குன்றி, மீனும் மட்டியும் நலிகின்றன. எந்திரத்தால் நாரெடுக்கும் பொள்ளாச்சிப் பகுதியிலோ, குவிந்து கிடக்கும் நார்க்கழிவின் சாறு மழைநீரோடு நிலத்தில் இறங்கிக் கிணற்று நீரின் நிறத்தை மாற்றுவதுண்டு. அயல்நாட்டு ஆறு தெளியும்பொருட்டு நம் நீர்நிலை கலங்குதல் முறையாகுமா?

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. சிப்பிக்காளானைக் கொண்டு நார்க்கழிவை மட்கச் செய்து உரமாக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துள்ளது. அம்முறை ஊர்தோறும் பரவுதல் வேண்டும்; ஊறல்நீரைத் தூய்மை செய்யாது நீர்நிலைகளில் விடுதலும் ஒழிதல் வேண்டும்.

முடிவுரை

ஆற்றுக்குத் துணையாகும் பொருள், எந்த நீரையும் கெடுக்காத வழியில் பிறத்தல் வேண்டும். மீனைக் காக்கும் நார் என அதனைப் போற்றுமுன், அஃது எந்நீரில் ஊறியது என வினவுதல் நம் கடனாகும்.