இன்டர்வியூ முடிஞ்சது, பதிலைக் காணோம்

“சொல்றோம்னு சொன்னாங்கக்கா. மூணு வாரம் ஆச்சு, ஒரு மெயில்கூட இல்ல. நானா கேட்கலாமா, கேட்டா தப்பா நினைப்பாங்களா?”

இந்த செமஸ்டரில் மட்டும் இதே கேள்வியை நாலு பேர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டீங்க. ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் போடறதுக்குப் பதிலா இங்கேயே எழுதிடறேன். கேட்கலாம், தாராளமா கேட்கலாம். ஆனா எப்போ, யார்கிட்ட, எத்தனை தடவை, எப்போ நிறுத்தணும்னு தெரிஞ்சு கேட்கணும். அதை யாரும் நமக்குச் சொல்லித் தர்றதில்ல. ரெஸ்யூம் எழுதச் சொல்லித் தர்றாங்க, குரூப் டிஸ்கஷனுக்குப் பயிற்சி தர்றாங்க. இன்டர்வியூ முடிஞ்ச மறுநாள் காலையில் என்ன பண்ணணும்னு எந்த ட்ரெயினிங்கிலும் வராது.

முதல்ல என் கதை. நான் இ.சி.இ., 2023 பேட்ச். படிப்பு முடிஞ்ச ஜூலையில் ஒரு கம்பெனியில் ஆஃப் கேம்பஸ்ஸா மூணு ரவுண்டு போனேன். கடைசி ரவுண்டில் மேனேஜர் கேட்டார்: “எப்போ ஜாயின் பண்ண முடியும்?” நான் அதையே வேலை கிடைச்ச மாதிரி எடுத்துக்கிட்டேன். வீட்ல சொன்னேன். அப்பா கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டு போறவர். மறுநாள் ஏலத்துக்குள்ள மண்டியில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. “அம்மிணிக்கு வேலை ஆயிருச்சாமா?”னு கேட்டவங்களுக்கெல்லாம் அப்பா தலையாட்டிட்டு வந்தார்.

அப்புறம் ஒரு பதிலும் இல்ல. ஆகஸ்ட் நடுவில் குறிச்சி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குக் கூப்பிட்டாங்க. போனேன், நாலே நாள்ல “வர்றீங்களாம்மா?”னு போன் வந்துச்சு. நான் பெரிய கம்பெனி பதிலை எதிர்பார்த்து, “ஒரு வாரம் டைம் குடுங்க சார்”னு சொல்லி, ஒரு வாரத்தை மூணு வாரமா இழுத்தேன். அவங்க வேற ஆளைப் போட்டுக்கிட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. தீபாவளி வந்தப்போ என் கையில் ரெண்டும் இல்ல. வீட்ல ஜாதகத்தை எடுத்துட்டாங்க. பசங்களுக்கு இது வெறும் காத்திருப்பு. பொண்ணுங்களுக்கு வீட்டில் சும்மா இருக்கிற ஒவ்வொரு மாசமும் யாராவது ஒரு அத்தை வரன் கொண்டு வர்ற மாசம். இதைப் புரிஞ்சவங்களுக்குத்தான் நான் சொல்றதோட அவசரம் புரியும்.

அந்த நாலு மாசமும் நான் தினமும் யோசிச்சது ஒண்ணுதான்: எந்தக் கேள்விக்குத் தப்பா பதில் சொன்னேன்? இப்ப ஒரு கம்பெனிக்குள்ள உட்கார்ந்து ஆளெடுக்கிறதைப் பக்கத்துல பார்க்கிறேன். பல சமயம் பதில் வராததுக்கும் உங்க பதில்களுக்கும் சம்பந்தமே இருக்காது.

உள்ளே நடக்கிறது இதுதான். ஒரு டீமுக்கு ஆள் வேணும்னா மேலிடத்தில் அனுமதி வாங்கித்தான் இன்டர்வியூ தொடங்கும். நடுவில் கிளையண்ட் புராஜெக்ட்டைத் தள்ளி வெச்சா, அந்த அனுமதி ‘ஹோல்ட்’டில் போயிடும். ரத்து ஆனா உங்களுக்குச் சொல்லிடலாம். ஹோல்டு ஆனா எச்.ஆரால ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. அதனால ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. இன்னொண்ணு: நீங்க ரெண்டாவது இடத்தில் இருக்கலாம். முதல் ஆளுக்கு ஆஃபர் போயிருக்கும். அவர் பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் முடிச்சு வரணும். ஐ.டி.யில் அது 90 நாள் வரைக்கும்கூட இருக்கு. அவர் வந்து நாற்காலியில் உட்கார்ற வரைக்கும் உங்களை வேணாம்னு சொல்ல அவங்களுக்கு மனசு வராது. இது நியாயமான்னு கேட்டா, இல்ல. ஒரு வரி மெயில் போட ரெண்டு நிமிஷம் ஆகாது. ஆனா அதைப் போட வைக்கிற சட்டம் நம்ம நாட்டில் இல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு விதி வந்திருக்கு: 25 பேருக்குக் குறையாம வேலை பார்க்கிற நிறுவனம், இன்டர்வியூ செஞ்சவருக்கு 45 நாளைக்குள்ள முடிவு எடுத்தாச்சா இல்லையான்னு தெரிவிக்கணும். நம்ம ஊர் மண்டியில் ஒரு பெட்டித் தக்காளிக்கு அன்னைக்கே விலை சொல்லிடறாங்க. மனுஷனுக்குச் சொல்ல வைக்க ஒரு சட்டம் வேண்டியிருக்கு.

சரி, நீங்க பண்ண வேண்டியது இன்டர்வியூ ரூமை விட்டு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. கடைசியில் “ஏதாவது கேட்கணுமா?”ன்னு கேட்பாங்க இல்லையா? நாம பெரும்பாலும் “இல்ல சார்”னு சிரிச்சுட்டு வந்துடுவோம். இனிமே ரெண்டு கேளுங்க. முடிவு எந்தத் தேதிக்குள்ள தெரியும்? அந்தத் தேதிக்கு அப்புறம் நான் யாரைத் தொடர்பு கொள்ளணும்? தேதி கேட்கிறது அதிகப்பிரசங்கித்தனம் இல்லீங்க. தேதியை அவங்க வாயால வாங்கிட்டா, பின்னாடி நீங்க எழுதற மெயில் தொந்தரவா இருக்காது, ஞாபகப்படுத்தலா இருக்கும். பேரையும் மெயில் ஐ.டி.யையும் அங்கேயே எழுதி வாங்கிக்கோங்க. ஏஜென்சி மூலமா போனவங்க ஏஜென்சி ஆளோட நம்பரை மட்டும் நம்பி வெளியே வராதீங்க.

மறுநாள் ஒரு நன்றி மெயில், மூணே வரி. எந்த நாள், எந்த வேலைக்கு, யாரோட பேசினோம். சொன்ன தேதிக்காகக் காத்திருக்கேன். இது மரியாதைக்காக மட்டும் இல்ல, தேதியை எழுத்தில் பதிவு பண்றதுக்காக.

சொன்ன தேதி தாண்டி ரெண்டு வேலை நாள் விடுங்க. அப்புறம் அதே மெயிலுக்கே ரிப்ளை போடுங்க, புதுசா தொடங்காதீங்க. பழசு கீழே இருந்தாத்தான் நீங்க யாருன்னு அவங்க தேட வேண்டியதில்ல. “நீங்க 14ஆம் தேதிக்குள் தெரியும்னு சொன்னீங்க, நிலவரம் என்னன்னு தெரிஞ்சுக்கலாமா? என்கிட்ட இருந்து வேற ஏதாவது விவரம் வேணுமா?” அவ்வளவுதான். பதில் இல்லன்னா ஒரு வாரம் கழிச்சு ஒரு போன், ஒரே ஒரு போன். திங்கட்கிழமை காலையில் பண்ணாதீங்க. எடுக்கலன்னா அன்னைக்கே மறுபடி மறுபடி அடிக்காதீங்க. ஒரு தம்பி ஒரே மதியம் பதினோரு தடவை அடிச்சிருக்கான். அவனுக்கு வேலை கிடைச்சிருந்தாலும் அந்த மதியத்தோட போயிருக்கும்.

மூணாவது மெயில்தான் முக்கியம். அதுல கெஞ்சலும் வேண்டாம், கோபமும் வேண்டாம். உங்க பக்கத்துத் தேதியைச் சொல்லுங்க: “எனக்கு வேறொரு வாய்ப்பு இருக்கு, அவங்களுக்கு 28ஆம் தேதிக்குள் பதில் சொல்லணும். உங்க வேலையில்தான் எனக்கு விருப்பம் அதிகம். அதுக்குள்ள தெரிவிச்சா உதவியா இருக்கும்.” உண்மையிலேயே வேற வாய்ப்பு இருந்தா மட்டும் இப்படி எழுதுங்க. பொய் சொல்லி மாட்டினவங்களை நான் பார்த்திருக்கேன். இந்த மாதிரி மெயில் வந்தாத்தான் எச்.ஆருக்கும் மேனேஜர்கிட்ட போய்க் கேட்க ஒரு காரணம் கிடைக்குது. 28ஆம் தேதியும் தாண்டிப் போச்சா, உங்க லிஸ்ட்ல அந்த வரியை அடிச்சுடுங்க. பின்னாடி அவங்களா கூப்பிட்டா அது புதுக் கணக்கு.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு. நம்ம பக்கத்துப் பட்டறைகள், பம்ப், மோட்டார், ஃபவுண்டரிகளுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. குறிச்சி சிட்கோவிலோ மலுமிச்சம்பட்டியிலோ அம்பது பேர் வேலை செய்யற இடத்தில் தனி எச்.ஆர்னு யாரும் இருக்க மாட்டாங்க. அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அக்காதான் மெயிலும் பார்ப்பாங்க, அதுவும் ஜி.எஸ்.டி. கட்டற வாரத்தில் பார்க்க மாட்டாங்க. முடிவு முதலாளி கையில். அவர் ஆர்டர் விஷயமா வெளியூர் போயிருப்பார். அங்கே பதில் வரலன்னா பெரும்பாலும் மறதிதான். நம்ம ஸ்டாப்பில் பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் போற பஸ்ஸைப் பிடிச்சு நேராப் போயிடுங்க. கேட்ல வாட்ச்மேன் அண்ணாகிட்ட “போன வாரம் இன்டர்வியூக்கு வந்தேனுங்ணா, சாரைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்”னு சொன்னா போதும். பெரிய ஐ.டி. கம்பெனி வாசல்ல இப்படி நின்னா உள்ளேயே விட மாட்டாங்க. இங்கே அதையே ‘ஆர்வமான புள்ள’ம்பாங்க. நான் இப்ப வேலை பார்க்கிற இடத்துக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தேன், ரெண்டாவது தடவை நேர்ல போய்.

கேம்பஸ் பிளேஸ்மென்ட்டில் வந்த கம்பெனின்னா வேற சிக்கல். உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் பிளேஸ்மென்ட் ஆபீசர் இருக்கார். அவரைத் தாண்டி நீங்களா எச்.ஆருக்கு எழுதினா, அடுத்த வருஷம் ஜூனியர்ஸுக்கு அந்த கம்பெனி வராம போயிடுமோன்னு அவர் பயப்படுவார். அது நியாயமான பயம்தான். அதனால முதல் கேள்வி அவர்கிட்டயே. ஆனா நிறைய காலேஜ்ல ‘ஒருத்தருக்கு ஒரு ஆஃபர்’னு விதி இருக்கு. ஒண்ணு கிடைச்சா அடுத்த டிரைவில் உட்கார விட மாட்டாங்க. அப்போ கம்பெனி பேசாம இருக்கிறதோட முழுச் செலவும் உங்க தலையில். இதை வாய்ப்பேச்சா விடாதீங்க. அதே நிலைமையில் இருக்கிறவங்க எல்லாரும் சேர்ந்து ஒரு லெட்டர் எழுதுங்க: இந்தத் தேதிக்குள் ஜாயினிங் உறுதியாகலன்னா எங்களை மறுபடி டிரைவில் உட்கார அனுமதிக்கணும்னு. தனியா கேட்டா “பார்க்கலாம்பா”தான் வரும். பத்துப் பேர் கையெழுத்து போட்டா தேதி வரும்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்துட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்களுக்கு இன்ஃபோசிஸ் 2022 பேட்ச் கதையைச் சொல்லணும். அந்த வருஷம் ஏப்ரலில் இருந்தே ஆஃபர் வாங்கினவங்களில் சுமார் 2,000 பேருக்கு சேரும் தேதி தள்ளிக்கிட்டே போச்சு. 2024 ஜூனில் புனேயைச் சேர்ந்த நைட்ஸ் என்கிற ஐ.டி. ஊழியர் அமைப்பு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்துச்சு. விஷயம் செய்தியாச்சு. கொடுத்த ஆஃபர் எல்லாத்தையும் மதிப்போம்னு சி.இ.ஓ. சலில் பரேக் சொன்னார். கடைசியில் 2024 அக்டோபர் 7 ஜாயினிங் தேதியா வந்துச்சு. ரெண்டரை வருஷம்! கதை அங்கேயும் முடியல. அந்த அக்டோபரில் மைசூரு வளாகத்தில் சேர்ந்தவங்களில் 300க்கும் மேற்பட்டவங்க, மூணு வாய்ப்பிலும் இன்டர்னல் தேர்வில் பாஸாகலன்னு சொல்லி 2025 பிப்ரவரியில் வெளியே அனுப்பப்பட்டாங்க. எண்ணிக்கை இன்னும் அதிகம்னு நைட்ஸ் சொல்லுச்சு. விப்ரோவில் 2023 பிப்ரவரியில் நடந்தது வேற மாதிரி. ஆண்டுக்கு 6.5 லட்சம்னு ஆஃபர் வாங்கிக் காத்திருந்தவங்ககிட்ட, 3.5 லட்சத்துக்கு உடனே சேர்றீங்களான்னு கேட்டாங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னா, கேம்பஸ் ரெக்ரூட்மென்ட்டே ஒரு யூகம். அடுத்த வருஷம் எவ்வளவு வேலை வரும்னு கணக்குப் போட்டு, நீங்க ஃபைனல் இயர் படிக்கும்போதே ஆளை எடுத்து வைக்கிறாங்க. கணக்கு தப்பினா இடிக்கிறது முதல்ல இன்னும் உள்ளே வராதவங்களை. ஏன்னா நீங்க இன்னும் ஊழியர் கிடையாது, தொழிலாளர் சட்டங்களோட பாதுகாப்புக்குள்ள வர்றது கஷ்டம். அதனால லெட்டர் வந்தா சம்பளத்தை மட்டும் பார்க்காம மூணு இடத்தைத் தேடிப் படிங்க. இது ஆஃபர் லெட்டரா, வெறும் ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’டா? ஜாயினிங் தேதி எழுதியிருக்கா, இல்ல ‘கம்பெனியின் தேவையைப் பொறுத்து’ன்னு இருக்கா? எந்த நாள் வரைக்கும் செல்லும்? தேதி இல்லாத லெட்டரைக் கையில் வெச்சுக்கிட்டே அடுத்த இன்டர்வியூவுக்குப் போறதில் எந்தத் துரோகமும் இல்ல.

இன்னொரு ஆபத்து. காத்திருந்து சோர்ந்து போன நேரம் பார்த்து ஒரு போன் வரும்: “நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுங்க.” கம்பெனி பேர் சரியா இருக்கும், லோகோ இருக்கும். நிஜமான கம்பெனி வேலை தர்றதுக்கு உங்ககிட்ட காசு கேட்காது. மெயில் எந்த முகவரியில் இருந்து வந்துச்சுன்னு பாருங்க. பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டுட்டு உட்காராம உடனே 1930க்கு அடிங்க. சைபர் குற்றத்துக்கான உதவி எண் அதுதான். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு வாய்ப்பு.

வீட்ல என்ன சொல்றதுன்னு ஒருத்தி கேட்டிருந்தா. நான் பண்ண தப்பு, “கிடைச்சிரும்”னு சொன்னது. அதுக்கு அப்புறம் அப்பா தினமும் சாயங்காலம் “பதில் வந்துச்சா கண்ணு?”ன்னு கேட்பார். ஒரு கட்டத்தில் கேட்கிறதை நிறுத்திட்டார். கேட்டப்போ இருந்ததைவிட அது கஷ்டமா இருந்துச்சு. இப்போ இருந்தா இப்படிச் சொல்லியிருப்பேன்: “மூணு ரவுண்டு முடிஞ்சுதுப்பா. இந்தத் தேதி வரைக்கும் பார்ப்பேன். வரலன்னா வேற இடம்.” தேதியோட சொன்னா வீட்லயும் அந்தத் தேதி வரைக்கும் விட்டுப் பிடிப்பாங்க.

போன வாரம் இந்தக் கட்டுரைக்காக அந்த கம்பெனியோட போர்ட்டலைத் திறந்து பார்த்தேன். பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்யுது. என் விண்ணப்பத்துக்கு நேரா இன்னும் ‘பரிசீலனையில்’னுதான் இருக்கு.