போகிக்கு முன் ஒரு பாடம்: வீட்டில் சேர்ந்த சாமானும் அம்மாவின் களைப்பும்

விடியற்காலை நாலரை மணிக்கே ஜொகூர் பாருவின் பல தாமான்களில் விளக்கு எரியும். பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் நெரிசலுக்கு முன் கிளம்பியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் மோட்டார் சாவி காணாமல் போகும். "அம்மா, என் பாஸ்போர்ட் எங்கம்மா?" என்று ஒரு குரல். டிவி மேசையில் தண்ணீர் பில், மாத்திரை அட்டை, சார்ஜர், பள்ளிக்கூடக் கடிதம், யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ எல்லாம் ஒரே குவியல். தேடி எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அம்மாதான். இந்த மாதப் பாடம் அந்த மேசையைப் பற்றியது.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி கூலாய், குளுவாங், சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீட்டில் குடும்பம் நடத்தியவர்கள். காலி மைலோ டின் அரிசி அளக்கும் படியாகும். பிஸ்கட் டின்தான் வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டி. இல்லாமையில் வளர்ந்தவருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. பிறகு தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின; குடும்பங்கள் பிளாட்டுக்கும் டெரஸ் வீட்டுக்கும் வந்தன. பாட்டியின் பழக்கமும் கூடவே வந்தது. அதன் மேல் பசார் மாலாமில் வாங்கியது, ஷோப்பியில் வந்தது, கல்யாண வீட்டில் கொடுத்த டப்பா என்று நம் தலைமுறைச் சாமான் ஏறிக்கொண்டது. மூன்று தலைமுறை சேர்த்ததை மூன்று அறை தாங்குமா?

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களை வீட்டுக்கே போய்ப் பல நாள் கவனித்தார்கள். தங்கள் வீட்டைத் தாங்களே சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெப்பெட்டி என்ற இருவர் 30 தம்பதிகளின் அந்தப் பேச்சையும், அவர்கள் உமிழ்நீரில் இருந்த கார்டிசோல் அளவையும் ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டார்கள். கார்டிசோல் என்பது மன அழுத்தத்தோடு தொடர்புள்ள சுரப்பு. காலையில் ஏறி, மாலைக்குள் இறங்கிவிடுவது அதன் இயல்பு. வீட்டைப் பற்றிப் பேசும்போது "ஒரே அடைசல்", "வேலை முடியவே இல்லை" என்கிற மாதிரி அதிகம் சொன்ன பெண்களுக்கு அது சரியாக இறங்கவில்லை. அடைசலால்தான் அப்படி ஆனது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தன என்றுதான் காட்டியது. ஆனாலும் இரவு பத்து மணிக்கு அடுப்படியில் நிற்கும் உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தால், இது நம்மூர்க் கதையும்தான் என்று தோன்றும்.

நம் சாஸ்திரத்தில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஐந்து யமங்களில் கடைசியாக வருவது அபரிக்கிரகம். ஐந்து நியமங்களில் முதலாவது சௌசம். சௌசம் என்றால் தூய்மை, அது எல்லோருக்கும் தெரியும். அபரிக்கிரகத்தைப் 'பேராசை இல்லாமை' என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறோம். வியாசர் பெயரில் உள்ள பழைய உரை இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. பொருளைத் தேடுவதில் ஒரு துன்பம், காப்பதில் ஒரு துன்பம், அது அழியும்போது ஒரு துன்பம். பற்று ஒரு குற்றம், பிற உயிருக்கு நேரும் இம்சை ஒரு குற்றம். இந்த ஐந்தையும் கண்டுகொண்டு, வேண்டாத பொருளை ஏற்காமலே இருப்பதுதான் அபரிக்கிரகம் என்கிறது அந்த உரை. அதில் 'காப்பது' என்ற சொல்லைக் கவனியுங்கள். சும்மா கிடைத்த பொருளையும் யாராவது துடைக்க வேண்டும், நகர்த்த வேண்டும், எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்வது யார்?

ஆகவே தம்பி தங்கைகளே, ஆரம்பம் உங்கள் அறையில்தான். பாட்டியின் டின்னை அப்புறம் பார்க்கலாம். எஸ்.பி.எம். முடிந்து வருஷக் கணக்கானாலும் கட்டிலுக்கடியில் கிடக்கும் டியூஷன் நோட்டு, வயர் அறுந்த இயர்போன், முகாமுக்கு முகாம் வாங்கிய டி-ஷர்ட். (நம் இயக்கமும் இதில் குற்றவாளிதான். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி நினைவுக் கேடயம் கொடுக்கத்தான் வேண்டுமா என்று செயலவை யோசிக்கலாம்.) அடுத்தது அந்த டிவி மேசை. சாவி, பாஸ்போர்ட், ஐசி மூன்றுக்கும் வாசல் பக்கம் ஒரே ஒரு இடம். வேறு எதுவும் அங்கே வரக்கூடாது. அது நிலைத்தாலே வீட்டில் காலை நேரக் கூச்சல் பாதி குறையும்.

பாட்டியின் சாமானைக் கேட்காமல் தொடாதீர்கள். அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து லோரியில் ஏற்றிவிடுவது சுத்தம் இல்லை, அவமதிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, "இது யார் கொடுத்தது பாட்டி?" என்று கேளுங்கள். கதையைச் சொல்லி முடித்தபின் பல சமயம் அவரே, "சரிடா, எடுத்துக்கிட்டுப் போ" என்பார். சொல்லாவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும். பழைய காகிதத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்காமல் போடாதீர்கள். பிறப்புப் பத்திரம், பழைய ஐசி நகல், தோட்டத்து வேலைக் கடிதம் இல்லாமல் குடியுரிமைக்கு அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சிவப்பு ஐசியோடு வாழ்ந்தவரைக் கேட்டால் ஒரு பிஸ்கட் டின்னின் விலை தெரியும்.

சாமி படம் இன்னொரு சிக்கல். மங்கிப்போன படத்தைக் குப்பையில் போட மனசு வராமல் மரத்தடியில் வைத்துவிட்டு வருகிறோம். மழையில் நனைந்து கண்ணாடி உடைந்து கிடப்பதைப் பார்த்தால் அதுதான் மரியாதையா என்று இருக்கிறது. ஆற்றில் விடுவதும் சரியில்லை. வணங்கிவிட்டு, சட்டத்தையும் கண்ணாடியையும் தனியே பிரித்து, படத்தை என்ன செய்யலாம் என்று உங்கள் கோயில் குருக்களிடம் கேளுங்கள். வருஷப் பிறப்புக்குக் கடைக்குக் கடை சாமி காலண்டர் கொடுப்பார்கள். ஒன்று போதும். மற்றதை, "வேண்டாங்க, வீட்ல இருக்கு" என்று கடையிலேயே சொல்லிவிடலாம்.

வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பழைய பக்கெட், டயர், பூத்தொட்டித் தட்டையும் விட்டுவிடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக் கணக்கில் காய்ந்து காத்திருக்கும். அதனால் கவிழ்த்து வைத்தால் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தை பிறப்பதற்கு முதல் நாள் போகி. பழையன கழித்தல் என்றதும் பாயையும் டயரையும் எரிக்கக் கை துறுதுறுக்கும். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே தடைபட்டன. இங்கே திறந்தவெளியில் குப்பை எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். எரிக்கத் தேவையும் இல்லை. ஜொகூரில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமானும் எடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் தாமானுக்கு அது எந்த நாள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். மெத்தையையும் உடைந்த அலமாரியையும் அந்த நாளுக்கு முந்தின இரவு வாசலில் வையுங்கள். பழைய பேப்பரையும் இரும்பையும், "சூராட் கபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லோரிக்காரர் எடுத்துக்கொள்வார். அவர் கொடுக்கும் ஐந்தோ பத்தோ வெள்ளியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.