பச்சைப் புள்ளி போதாதா?

கேள்வி: தேங்காய்ப் பால் பவுடர் தயாரிக்கிறோம். அமெரிக்க ஆர்டர் ஒன்றுக்கு கோஷர் சான்றிதழ் கேட்கிறார்கள். எங்களுடையது சுத்த சைவம். ஆலைக்குள் முட்டைகூட வராது. யூத குரு ஒருவர் வந்து பிரார்த்தனை செய்தால் போதும் என்கிறார் நண்பர். அப்படியா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: பிரார்த்தனைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வருகிற ரபி உங்கள் பவுடரை ஆசீர்வதிக்க மாட்டார். கொள்முதல் பில்லையும் பாய்லர் குழாயையும்தான் பார்ப்பார்.

சைவம் என்பது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். கோஷர் என்றால் யூதர்களின் உணவு விதிக்கு உட்பட்டது. யூதர்களுக்குப் பன்றியும் இறாலும் விலக்கு என்பது பலருக்கும் தெரியும். இறைச்சியும் பாலும் சேரக்கூடாது என்பதும் அதே அளவு கண்டிப்பான விதி. அதனால் எந்தப் பொருளானாலும் இறைச்சி வகையா, பால் வகையா, இரண்டும் இல்லாத ‘பரேவ்’ வகையா என்று பிரித்துவிடுவார்கள். நம் பச்சைப் புள்ளிக்குப் பாலும் சைவமே. அது இந்தப் பிரிவைப் பார்ப்பதில்லை.

உங்களுக்குச் சிக்கல் இங்கேதான். தேங்காய்ப் பால் ஒழுங்காகப் பவுடராக வேண்டும் என்று சோடியம் கேசினேட் சேர்ப்பது இத்தொழிலில் சகஜம். அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். சேர்த்தால் உங்கள் பவுடர் பால் வகை. கோஷர் பார்க்கும் வீட்டில் கோழிக் குழம்புக்கு அதைப் பயன்படுத்த முடியாது. வாங்குபவர் பரேவ் கேட்டிருந்தால் சரக்கை ஏற்கமாட்டார்.

கேசினேட்டை விட்டாலும் இயந்திரம் இருக்கிறது. சூடான பாத்திரம் தன்னில் வெந்ததன் சுவையை உறிஞ்சி அடுத்ததற்குக் கொடுக்கும் என்பது யூதச் சட்டத்தின் கணக்கு. அதே டிரையரில் வேறு கம்பெனிக்குப் பால் பவுடர் உலர்த்திக் கொடுக்கிறீர்களா? மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 24 மணி நேரம் ஓட்டாமல் நிறுத்தி, பிறகு கொதிநீரால் சுத்தி செய்யும் முறை பாத்திரங்களுக்கு உண்டு. ஸ்ப்ரே டிரையர் கோபுரத்தில் அது லேசில் நடக்காது. பால் கலனைச் சூடாக்கிய நீராவி தண்ணீராகி மறுபடி பாய்லருக்கு வருகிறதா என்றுகூடக் கேட்பார்கள்.

சேர்மானம் துளியாக இருந்தாலும் விடமாட்டார்கள். 1935இல் அட்லாண்டா ரபி டோபியாஸ் கெஃபன், கோகோ கோலாவில் மாட்டுக் கொழுப்புக் கிளிசரின் சிறிதளவு இருப்பதைக் கண்டார். தாவரக் கிளிசரினுக்கு மாறிய பிறகே அனுமதி தந்தார்.

நடைமுறை எளிது. மூலப்பொருள் ஒவ்வொன்றும் யாரிடம் வாங்குகிறீர்கள் என்ற பட்டியலோடு விண்ணப்பம், ஆலைப் பார்வை, ஒப்பந்தம், ஆண்டுக் கட்டணம். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வருவார்கள். விலை குறைவு என்று கேட்காமல் சப்ளையரை மாற்றினால் சான்றிதழுக்கே ஆபத்து. பலர் வழுக்குவது இதில்தான்.

கோஷர் சான்றிதழ் தரும் அமைப்புகள் ஏராளம். நியூயார்க்கின் ஓ.யு., பால்டிமோரின் ஸ்டார்-கே போன்றவை பரவலாக ஏற்கப்படுபவை. எல்லா முத்திரைக்கும் அந்த மதிப்பு இல்லை. எந்த முத்திரை வேண்டும், பரேவா பால் வகையா என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணம் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.